மாறிப்போன காலடி மண்

பாயா ரும்புட்டில் வரிசை வீடுகள் கொண்ட ஒரு தாமானின் கடைசி வரிசையில் இருக்கிறது மரியசெல்வியின் வீடு. நாய் காணாமல் போனாலும், புருஷன் காணாமல் போனாலும், அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து அந்த வீட்டுக் கம்பிக் கதவைத்தான் ஆட்டுவார்கள். இரண்டில் நாயைக் கண்டுபிடிப்பதுதான் சுலபம் என்பாள் அவள். நாய் மாடி ஏறாது.

அவள் மண் பார்க்கிறவள். ஆள் மிதித்த மண்ணில் ஒரு பிடி போதும். அதை எனாமல் தட்டில் பரப்பி, அரிசி கழுவிய தண்ணீரைத் தெளித்து, உள்ளங்கையை அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த ஆள் இப்போது நிற்கிற தரை, அடியிலிருந்து தெரியும். கண்ணாடித் தரைக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு பார்ப்பது போலத்தான். பாதம் தெரியும், நாற்காலிக் கால் தெரியும், காரின் அடிவயிறு தெரியும். முகம் தெரிவது அபூர்வம், பேச்சு கேட்கவே கேட்காது. வெறும் மண்ணில் தெளிவாக இருக்கும், சிமெண்டுத் தரையில் மூட்டம் போட்டது போல் மங்கும், தார் ரோட்டில் இருட்டிவிடும். வண்டியில் ஏறிவிட்டால் ஒன்றுமில்லை. மாடிப் படியில் கால் வைத்துவிட்டாலும் அவ்வளவுதான், மண்ணுக்கும் அவருக்கும் சம்பந்தம் அறுந்தது. தாமான் ஆண்களுக்கு இந்த விவரம் தெரிந்ததிலிருந்து அவர்களுடைய சீட்டுக் கச்சேரி எல்லாம் கடைவீட்டு மாடிக்குக் குடி போய்விட்டது.

இதை யாரும் அவளுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. மகள் ஷரோன் நடை பழகிய வயதில், மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்டாள். பிள்ளை கடைசியாக நின்ற இடத்தில் மரியசெல்வி விழுந்து மண்ணை இரண்டு கையாலும் பிறாண்டிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் முதன்முதலாகத் தெரிந்தது: இரண்டு குட்டிச் செருப்புகள், அதற்கு ஒரு முழம் பின்னால், உருளத் தொடங்கிய ஒரு வேனின் சக்கரம். எழுந்து ஓடியவள் பிள்ளையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அப்போதிருந்த பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது அவர் இனிமேல் கூடாது என்று கண்டித்தார். இப்போதிருக்கும் சாமியார் நல்ல மனிதர். இதனால் யாருக்காவது கெடுதல் வந்ததா என்று மட்டும் கேட்பார். இல்லை சாமி என்பாள். அடுத்த பாவத்தைச் சொல்லு என்பார்.

அவளுடைய வீட்டுக்காரர் அல்போன்சுக்குத்தான் இது ஆகாது. அடுத்தவன் காலுக்குக் கீழே படுத்துக்கொண்டு பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று முணுமுணுப்பார். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைகளில் சாரம் கட்டும் குத்தகை வேலை அவருக்கு. பகல் முழுக்க அந்தரத்தில் நிற்கிற ஆளை எந்த மண்ணை வைத்தும் பார்க்க முடியாது. அதற்காகவே அந்த வேலையைப் பிடித்தாரோ என்று அவளுக்குச் சந்தேகம். நர்சரியில் செடிகளுக்கு மண் கலக்குவது அவள் வேலை. வாய் கொஞ்சம் நீளம், கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். 'எனக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டால் பிறகு ஆண்டவரே வந்து சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. அந்தக் குணம்தான் ஒரு நாள் ஒருவர் உயிரோடு விளையாடிவிட்டது.

அன்று நர்சரியில் அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்து சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக் கலைமகள் வாசலில் வந்து நின்றாள். தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு ஜோடி நீலச் சிலிப்பர். அவளுடைய அப்பா மணியத்தைக் காணவில்லை.

மணியம் எழுபது கடந்தவர். ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். நாற்பது ஆட்களை அதட்டி வேலை வாங்கிய மனிதருக்கு இப்போது ஞாபகம் ஓட்டைப் பை ஆகிவிட்டது. மகளைச் சில நாள் மகள் என்பார், சில நாள் செத்துப்போன மனைவி சுப்பம்மா என்பார். இதயத்துக்கு மாத்திரை வேறு. கலைமகள் வேலைக்குப் போகும் பகல்களில், இரவு லோரி ஓட்டிவிட்டு வரும் மருமகன் திலீபன்தான் தூக்கக் கண்ணோடு அவரைப் பார்த்துக்கொள்வான். அவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கதவைத் திற என்று கத்தும்போது சமாதானம் சொல்வது எல்லாம் அவன்தான். அன்று அசந்து தூங்கிவிட்டதாகவும், விழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம் என்றும் மனைவிக்குப் போனில் சொன்னானாம். சுங்கை ஊடாங் பக்கம் காரில் தேடிக்கொண்டிருக்கிறானாம். போலீசிலும் சொல்லியாகிவிட்டது.

"சிலிப்பர் கூட போடாம போயிருக்காருக்கா. இந்த வெயில்ல தார் ரோட்டுல வெறுங்காலு" என்றாள் கலைமகள். கடல் பக்கமாக வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டால் அந்த உடம்பு தாங்காது என்பது இருவருக்கும் தெரியும்.

மரியசெல்வி சிலிப்பரைத் திருப்பினாள். அடியில் செம்மண் இன்னும் ஈரமாக அப்பியிருந்தது. அவர் கடைசியாக மிதித்த மண், இதைவிட என்ன வேண்டும்? சுரண்டித் தட்டில் போட்டு, களைந்த அரிசித் தண்ணீரைத் தெளித்துக் கையை வைத்தாள். மங்கலாகத் தெரிந்தது. சிமெண்டுத் தரை, மேலே கடற்கரை மணல் படிந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிக் கால்கள், நசுங்கிக் கிடந்த தென்னங்குச்சி, உறிஞ்சுகுழல்கள். நாற்காலிக்குக் கீழே இரண்டு பாதங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த மாதிரி சாலையோர ஒட்டுக்கடைகள் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். கிளேபாங் கடற்கரை.

"கிளேபாங்ல ஒரு கடையில உக்காந்திருக்காரு. உசுரோட இருக்காரு. எனக்குத் தெரியும், போ" என்றாள்.

கலைமகள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த நிமிடம் தாமானே கிளம்பிவிட்டது. கோயில் வேன் ஒன்று, இரண்டு கார்கள், சுங்கை ஊடாங் பக்கமும் சந்தைப் பக்கமும் தேடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிக் கிளேபாங்குக்கு ஓடினார்கள். தேடுகிற கண் அத்தனையையும் ஒரே வார்த்தையில் ஒரே பக்கம் திருப்பிவிட்டாள் மரியசெல்வி. கலைமகள் திலீபனைக் கூப்பிட்டுப் பார்த்தாள், அவன் போனை எடுக்கவில்லை. எதற்கும் ஆள் நகர்ந்தால் சொல்லவேண்டுமே என்று மரியசெல்வி தட்டில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பாதங்கள் எழுந்தன. கடைக்கு வெளியே மணலில் இறங்கின. மூட்டம் விலகிப் பளிச்சென்று தெரிந்தது. கயிறு கட்டிய சப்பாத்து. மணியம் சப்பாத்து போட்டு அவள் பார்த்ததே இல்லை. யாராவது இரக்கப்பட்டுக் கொடுத்திருப்பார்களோ என்று ஒரு கணம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் மணல் எப்படி அமுங்குகிறது என்பதை எதைக் கொண்டு மறைப்பது? மணியம் எலும்பும் தோலுமான ஆள், கோழி நடப்பது போல் நடப்பார். இந்தக் கால் மூட்டை தூக்கிப் பழகிய கால். அது விறுவிறுவென்று நடந்து ஒரு காரில் ஏறியது. தட்டு இருட்டிவிட்டது.

மரியசெல்வி எழுந்து வாசலுக்கு வந்தாள். காலில் எதையோ மாட்டிக்கொண்டு இறங்கியவள் குனிந்து பார்த்தாள். அவள் மாட்டியிருந்தது அல்போன்சின் சிலிப்பர். தினமும் செய்கிற காரியம்தான். குப்பை போட, கறிவேப்பிலை பறிக்க, கடைக்கு ஓட, கதவுப் பக்கம் எது கிடக்கிறதோ அதில் காலை நுழைத்துக்கொண்டு போவார்கள். இந்த வரிசையில் சிலிப்பருக்குச் சொந்தக்காரர் என்று யாருமே கிடையாது. அவளுக்கே இது தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் மணியம். அப்படியானால் அந்த ஈரச் செம்மண்ணை மிதித்தவன் யார்?

அவளுக்குப் பயமும் கோபமும் ஒன்றாக வந்தன. போனை எடுத்துத் திலீபனை அழைத்தாள். மனைவியின் போனை எடுக்காதவன் இவளுடையதை எடுத்தான்.

"தம்பி, நீ கிளேபாங்ல இருந்த. இப்பதான் கார்ல ஏறுன. மாமாவோட சிலிப்பர காலையில நீதான் போட்டிருந்த. அவர எங்க விட்ட?"

மறுமுனையில் அவன் அழத் தொடங்கினான். அழுகைக்கு நடுவே அவன் சொன்னது இதுதான். கிழவர் விடியற்காலையிலிருந்து வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று கதவைப் போட்டு உடைத்திருக்கிறார். ஒரு சுற்று சுற்றினால் அடங்குவார் என்று காரில் ஏற்றிச் சுங்கை ஊடாங் தாண்டிச் செம்பனைக்குள் போகிற மண் ரோட்டில் ஓட்டியிருக்கிறான். பாதி வழியில் அவர், நீ யாருடா, என்னைக் கடத்துகிறாயா என்று ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்து, அவன் கன்னத்தில் அறைந்திருக்கிறார். இரண்டு நாளாகத் தூங்காதவனுக்கு எங்கிருந்தோ வெறி வந்துவிட்டது. காரை நிறுத்தி, அவரை இறக்கி, இங்கேயே நில்லுங்க என்று கத்திவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் புத்தி தெளிந்து திரும்பிப் போனான். ஆனால் செம்பனைக்குள் எல்லாச் சந்தும் ஒரே மாதிரி. எந்தச் சந்தில் விட்டோம் என்று தெரியவில்லை. சந்து சந்தாக இறங்கிக் கத்திப் பார்த்திருக்கிறான். வீட்டுக்கு ஓடி வந்து, நடந்தே வந்துவிட்டாரோ என்று பார்த்துவிட்டு, சேறு அப்பிய சிலிப்பரைக் கழற்றிப்போட்டுச் சப்பாத்தை மாட்டியிருக்கிறான். பிறகு மனைவிக்குப் பொய் சொன்னான். சொன்ன பொய்யோடு என்ன செய்வதென்று தெரியாமல் கிளேபாங்கில் போய் உட்கார்ந்துவிட்டான்.

"கலைகிட்ட சொல்லாதீங்கக்கா. நான் அவர கொன்னுட்டேன்க்கா."

"வாய மூடு. அழுறதுக்கு இப்ப நேரமில்ல. அந்த செம்பனைக்கே போ. போன வைக்காத" என்றாள்.

இப்போது மணியத்தின் மண் வேண்டும், மறுபடி தப்பு நடக்கக்கூடாது. அவள் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போனாள். எது மறந்தாலும் காலையில் வெளிக் குழாயடியில் வெறுங்காலோடு நின்று முகம் கழுவுவதை மணியம் மறந்ததில்லை. சப்பாத்தோ சிலிப்பரோ அங்கே வருவதில்லை. குழாயடிச் சேற்றில் சின்ன, வளைந்த விரல் தடம் இருந்தது. அவள் அதை அள்ளும்போது முதல் தூறல் முதுகில் விழுந்தது. அள்ளிய மண்ணை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு ஓடினாள்.

இரண்டாவது தட்டில் அதைப் பரப்பிக் கையை வைத்தாள். பாதமே தெரியவில்லை. தெரிந்தது ஒரு கன்னம். மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் விரிந்த உள்ளங்கை. மேலே, வெகு உயரத்தில், செம்பனை மட்டைகள். செத்துவிட்டாரா என்று தெரியாமல் அவள் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண் பொடி நகர்ந்தது. நின்றது. மறுபடியும் நகர்ந்தது. மூச்சு இருந்தது. ஆனால் அவர் விழுந்து கிடந்தது வாய்க்காலுக்குள். அங்கே மழை பலமாக இருந்திருக்க வேண்டும். செந்தண்ணீர் கழுத்துப் பக்கமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அல்போன்ஸ் வேலை விட்டு வந்தார். இரண்டு தட்டும், தரையில் அலறிக்கொண்டிருக்கும் போனும், மனைவியின் முகமும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுப் போனை எடுத்து அவள் வாய்க்கருகே பிடித்துக்கொண்டு முட்டி போட்டார். இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அவர் இந்தத் தட்டுக்குப் பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

இடது கை மருமகன் மண்ணில், வலது கை மாமனார் மண்ணில். இரண்டு பேரை ஒன்றாகப் பார்ப்பது அவளுக்குப் புதிது. தலை இரண்டாகப் பிளப்பது போல் வலித்தது. செம்பனைக்குள் நுழைந்துவிட்டேன் என்று திலீபன் கத்தினான்.

"மொத சந்துல எறங்கு. தரைய ஓங்கி மிதி."

அவன் மிதித்தான். இடது கையில் இடி போல் இறங்கியது. வலது கையில் ஒன்றுமில்லை. தண்ணீர் மணியத்தின் காதைத் தொட்டுவிட்டது.

"அங்க இல்ல. அடுத்தது போ."

அடுத்த சந்தில் மிதித்தபோது வலது கை மண் லேசாகச் சிலிர்த்தது, பக்கத்து வீட்டில் யாரோ உரல் இடித்தது போல. இன்னும் உள்ளே போ என்றாள். அவன் மறுபடி ஓட்டினான். தண்ணீர் கன்னத்தில் ஏறியது. உதட்டுக்கருகே இருந்த மண் பொடி மிதந்து போய்விட்டது, இனி மூச்சு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வழியில்லை. மரியசெல்வி வாய்க்குள் அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி தொடங்கினாள். அல்போன்ஸ் அவளுக்காக அதைச் சத்தமாகச் சொல்லி முடித்தார்.

மூன்றாவது சந்தில் அவன் மிதித்தபோது வலது தட்டில் இருந்த தண்ணீரே அதிர்ந்தது.

"அங்கதான். வாய்க்கால்ல பாரு. வாய்க்காலுக்குள்ள."

இடது கையில் ஓட்டம் தெரிந்தது. வலது கையிலும் அதே ஓட்டம், நெருங்கி, இன்னும் நெருங்கி. பிறகு சப்பாத்துக் கால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. கன்னம் மண்ணிலிருந்து எழும்பியது. வலது தட்டு காலியானது. ஆளை அவன் தூக்கிவிட்டான்.

போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு நீண்ட இருமல். திலீபன் மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் கிழவரின் குரல், பலவீனமாக, குற்றம் செய்த பிள்ளையின் குரல் போல வந்தது.

"நீங்க நிக்கச் சொன்ன எடத்துலதான் மாப்ள நின்னேன். காலு கடுத்துச்சு. அதான் கொஞ்சம் உக்காந்தேன். கோவிச்சுக்காதீங்க."

அல்போன்ஸ் போனைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனார். அவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. மரியசெல்வி தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள்.

கலைமகள் கிளேபாங்கிலிருந்து திரும்பி வந்தபோது மழை தாமானைப் பிடித்துவிட்டிருந்தது. அவளுக்குத் தாங்க முடியாத கோபம். கடை கடையாகத் தேடிய ஆட்களுக்கு யாரும் ஒரு கிழவரைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. மரியசெல்வி குடையில்லாமல் வாசலில் இறங்கி நின்று, நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன், மண் மாறிப்போச்சு, அப்பா கிடைத்துவிட்டார் என்றாள். யார் மண் என்று கலைமகள் கேட்டாள். மரியசெல்வி சொல்வதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே திலீபனின் கார் வந்து நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மனைவியை ஏற்றிக்கொள்ள வந்திருந்தான். பின் இருக்கையில் மணியம் அவனுடைய சட்டையைப் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தார், உடம்பெல்லாம் செம்மண். திலீபன் இறங்கி, மழையில் நின்று, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை, அறை வாங்கியதை மட்டும் சொல்லவில்லை. மரியசெல்வி அதைக் கவனித்தாள். அதை அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவன் தனக்குள் வைத்துக்கொள்ள விரும்பியது அது ஒன்றுதான் போலிருந்தது.

கலைமகள் புருஷனைப் பார்க்கவே இல்லை. மரியசெல்வியைப் பார்த்துப் பேசினாள்.

"நாளையிலேருந்து இவர் மண்ண வெச்சுப் பாருங்கக்கா. தெனமும். எங்க போறாரு, எங்க நிக்கிறாருன்னு எனக்குத் தெரியணும்."

திலீபன் குனிந்தான். சப்பாத்தைக் கழற்றினான். காலுறையையும் கழற்றினான். வாசல் ஓரத்தில் செடி வைத்திருந்த ஈர மண்ணில் இரண்டு பாதத்தையும் அழுத்தி ஊன்றி நின்றான்.

"எடுத்துக்குங்கக்கா" என்றான்.

மரியசெல்வி அந்தத் தடத்தைப் பார்த்தாள். சற்று முன்புதான் இதே காலைக் கிளேபாங்கில் ஒரு நாற்காலிக்குக் கீழே பார்த்தாள். அது எப்படி நடுங்கியது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மாட்டேன் என்றாள். இனிமேல் உங்கள் வீட்டு மண்ணில் கையே வைக்க மாட்டேன் என்றாள். கலைமகளின் முகம் இறுகியது. அவள் காரின் பின் கதவைத் திறந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி, அவர் தலையைத் துடைத்துவிடத் தொடங்கினாள். திலீபன் வெறுங்காலோடு அப்படியே நின்றான், தன் சொந்தக் காரில் ஏறலாமா கூடாதா என்று தெரியாதவனாக.

மணியம் மகளின் கையை விலக்கிவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. நடந்தது அத்தனையும் அதற்குள் எங்கேயோ வழிந்து போயிருந்தது.

"மாப்ள, மழையில ஏன் நிக்கிறீங்க? வாங்க. செம்பன பாத்து எவ்ளோ நாளாச்சு. நாளைக்கும் கூட்டிட்டுப் போங்க."

திலீபன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். கலைமகள் அப்பாவின் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு துண்டை மடியில் வைத்துவிட்டு, அன்றைக்கு முதன்முறையாகப் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏறுங்க" என்றாள். அப்பாவிடம் திரும்பினாள். "போலாம்பா. நாளைக்கு நானும் வரேன்."